மஸ்ஸமன் கறி குருமா ஆகாமல் இருக்க: தாய்லாந்துச் சமையலில் உள்ளூர் எது, வந்தது எது?

#1 குழம்புச்சட்டி

மஸ்ஸமன் கறிக்குத் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் குருமாக் குறிப்புகள்தான். பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு விழுது போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே வேர்க்கடலையைத் தூவி "தாய்லாந்து மஸ்ஸமன்" என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். சாப்பிட நன்றாகவே இருக்கும். பாங்காக்கில் கிடைப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கேள்வி இரண்டு. மசாலாச் சாமான் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது ருசி எந்த இடத்தில் பிரிகிறது? மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, மஸ்ஸமன் பாரசீகத் தொடர்பால், நூடுல்ஸ் சீனாவிலிருந்து, முட்டை இனிப்பு போர்ச்சுக்கலிலிருந்து என்றால் அந்த ஊருக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். "சுவைக்கேற்ப" என்று எழுதுபவர்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.

#2 அம்மிக்கல்

முதல் கேள்விக்குப் பதில்: தேங்காய்ப்பாலில்.

நம் வீடுகளில் முதல் பால் கடைசியில் போகும். போனதும் நுரை கட்டுவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவோம், திரிந்துவிடும் என்று. தாய்லாந்தில் கெட்டிப்பால்தான் முதலில் சட்டி ஏறும். அதை வேண்டுமென்றே திரியவிட்டு, பிரிந்து வரும் எண்ணெயில் அரைத்த விழுதை வதக்குகிறார்கள். வேறு எண்ணெய் தேவையே இல்லை.

முறை இதுதான். நல்ல முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவி, ஒரு கப் (240 மி.லி.) வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழியுங்கள். பிழிந்ததைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கெட்டியான பகுதி மேலே மிதக்கும். அதை மட்டும் வழித்தெடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீரையும், இரண்டரைக் கப் தண்ணீர் விட்டு எடுத்த இரண்டாம் பாலையும் சேர்த்துத் தனியாக வையுங்கள்.

வழித்த கெட்டிப்பாலை அகலமான, அடிகனத்த சட்டியில் ஊற்றி நடுத்தரத் தீயில் வையுங்கள். முதலில் வெள்ளை நுரையோடு பெரிய குமிழ்கள் வரும். தண்ணீர் வற்ற வற்ற நுரை அடங்கும். கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரும். ஓரத்தில் தெளிந்த எண்ணெய் தெரியும், நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதி ரவை ரவையாகும். அப்போதுதான் விழுது. முன்பே போட்டால் விழுது வேகுமே தவிர வதங்காது, பூண்டு, வெங்காயத்தின் பச்சை வாசம் போகாது. எட்டு முதல் பத்து நிமிடம், தீயைக் குறைத்து, அடியைச் சுரண்டிக்கொண்டே வதக்குங்கள். மேலே நிற்கும் எண்ணெய் செம்பழுப்பாக மாறினால் சரி.

பொட்டலப் பாலில் இது பெரும்பாலும் நடக்காது. குவார் பிசின், பாலிசார்பேட் மாதிரிப் பொருள்கள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் கஞ்சி மாதிரித் தடிக்கும், கடைசியில் அடிப்பிடிக்கும். உறையில் தேங்காய், தண்ணீர் இரண்டு மட்டும் எழுதியிருப்பதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சண்டை போடாமல் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயை ஊற்றி அதில் விழுதை வதக்கிவிட்டுப் பாலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். முழு ருசி வராது, முக்கால் வரும்.

#3 குழம்புச்சட்டி

அண்ணே, விழுதுக்கு அளவு? மிக்ஸியில் அரைத்தால் ஆகுமா?

#4 அம்மிக்கல்

முக்கால் கிலோ கோழித்தொடை அல்லது ஆட்டுக்கறிக்கு:

நீளமான காய்ந்த மிளகாய் 8 (பியாடகியோ காஷ்மீரியோ, குண்டு மிளகாய் வேண்டாம், காரம் ஏறிவிடும், நிறம் வராது), சின்ன வெங்காயம் 8, பூண்டு 8 பல், மெல்லிய வில்லையாக நறுக்கிய பேரரத்தை 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைப் புல் 2 தண்டு, கொத்தமல்லி வேர் 4, தனியா 1 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, வெள்ளை மிளகு அரைத் தேக்கரண்டி, கிராம்பு 4, பட்டை ஒரு அங்குலம், ஏலக்காய் 4, ஜாதிக்காய் கால் பங்கு, ஜாதிபத்திரி ஓர் இதழ், கபி என்கிற இறால் விழுது 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

ஏலக்காய் என்றது அவர்களுடைய உருண்டையான வெள்ளை ஏலக்காய். நம் பச்சை ஏலக்காய் என்றால் இரண்டு போதும். நான்கு போட்டால் பாயச வாசம் அடிக்கும்.

மற்றத் தாய்லாந்து விழுதுகளிலிருந்து மஸ்ஸமன் மாறுவது இங்கேதான். பச்சை, சிவப்புக் கறி விழுதுகளில் வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப் புல் எல்லாம் பச்சையாகவே இடிபடும். மஸ்ஸமனில் எல்லாமே நெருப்பைப் பார்த்திருக்க வேண்டும். வெங்காயத்தையும் பூண்டையும் தோலோடு தணலிலோ வெறும் சட்டியிலோ சுட்டு உரியுங்கள். பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் எண்ணெய் இல்லாமல் வறுபட்டு ஓரம் பழுப்பேற வேண்டும். தனியா, சீரகம் முதலியவற்றைத் தனித்தனியாக வறுக்க வேண்டும், சீரகம் சீக்கிரம் கருகும். கபியை வாழையிலையில் மடித்து இரண்டு பக்கமும் வாட்டுங்கள். மிளகாயை மட்டும் விதை நீக்கி 20 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள்.

உரலில் இடித்தால் வரிசை முக்கியம். மசாலாப் பொடியை முதலில் தனியாக இடித்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் உப்பும் மிளகாயும் (உப்புதான் மிளகாய்த் தோலை அறுக்கும்), எலுமிச்சைப் புல், பேரரத்தை, கொத்தமல்லி வேர், கடைசியாகப் பூண்டு, வெங்காயம். கபியும் மசாலாப் பொடியும் முடிவில். ஈரமானது முன்னால் போனால் நாரெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், இடிபடாது.

மிக்ஸி ஆகும். ஆனால் தண்ணீர் விட்டு அரைத்தால் அந்தத் தண்ணீர் சட்டியில் வற்றும்வரை விழுது வதங்காமல் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். சுற்ற மறுத்தால், எடுத்து வைத்த கெட்டிப்பாலில் இரண்டு கரண்டி விட்டு அரையுங்கள். எலுமிச்சைப் புல்லைக் குறுக்கே பொடிப்பொடியாக நறுக்காமல் போட்டால் எந்த மிக்ஸியும் அந்த நாரை ஒன்றும் செய்ய முடியாது.

#5 பினாங்குக்காரன்

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த சிற்றரத்தையை இதில் போடாதீர்கள். அது வேறு கிழங்கு, காரமும் மருந்து வாசமும் தூக்கலாக இருக்கும். இங்கே வேண்டியது பேரரத்தை, மலேசியாவில் லெங்குவாஸ் என்று கேட்டால் தருவார்கள். தோல் மெல்லிசாக, நுனி ரோஸ் நிறத்தில் இருந்தால் இளசு. முற்றியது மரக்கட்டை மாதிரி இருக்கும், அதை சூப்பில் தட்டிப் போட்டு எடுத்து எறியத்தான் லாயக்கு.

கபிக்குப் பதில் மலாய்க்காரர்களின் இறால் விழுதான பிளாச்சான் போடலாம், அளவைக் குறைத்துக்கொண்டு. கபி மெத்தென்று ஈரமாக இருக்கும், பிளாச்சான் இறுகிய கட்டி. முக்கால் தேக்கரண்டி போதும்.

அப்புறம், இந்தக் கறியைப் பாரசீகம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பட்டை, ஏலம், கிராம்பு, அன்னாசிப்பூ நாலையும் சேர்த்து மலாய்க்காரர்கள் நால்வர் உடன்பிறப்பு என்பார்கள். தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல், இறால் விழுதோடு இந்த நாலும் சேர்வது மலாய் அடுப்பில் அன்றாடம் நடப்பது. தென் தாய்லாந்து முஸ்லிம் வீடுகளில் மஸ்ஸமன் இனிப்புக் குறைந்து மசாலா தூக்கலாக இருக்கும், அந்தப் பக்கம் போனால் சாப்பிட்டுப் பாருங்கள்.

#6 பழங்கணக்கு

பினாங்குக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆவணத்தில் நிற்பதை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

அயுத்தயா (1351–1767) துறைமுக வணிகத்தில் வாழ்ந்த தலைநகர். பாரசீகத்தின் கும் நகரிலிருந்து வந்த வணிகர் ஷேக் அகமத் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறி அரசின் உயர் பதவிக்கு வந்தார். பிற்காலத்தில் சயாமில் (தாய்லாந்தின் பழைய பெயர்) பெரும் செல்வாக்கோடு விளங்கிய புன்னாக் குடும்பம் அவர் வழி. 1685-இல் பாரசீக ஷாவின் தூதுக்குழுவே அயுத்தயாவின் நாராய் மன்னரிடம் வந்தது. ஆகவே அரண்மனைக்குள் பாரசீகச் சமையல் நுழைய வழி இருந்தது. அதே காலத்தில் மலாய், இந்திய முஸ்லிம் வணிகர்களும் அங்கே இருந்தார்கள். எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று இன்று யாராலும் அறுதியிட முடியாது.

மஸ்ஸமன் பெயரோடு உறுதியாக வருவது பிற்பாடு இரண்டாம் ராமாவாக (ஆட்சி 1809–1824) முடிசூடியவர் இயற்றிய உணவுப் பாட்டில். அதில் சீரக மணம் தனியாகச் சொல்லப்படுகிறது. அரண்மனையில் அது சிறப்பு உணவு, அன்றாடக் குழம்பு இல்லை.

தென் தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயர் வருகிறது, உடனே "மஸ்ஸமன் தமிழருடையது" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தக் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியது. குழம்பைப் பற்றியது இல்லை. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி வேறு.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சாட்சி: 1687-இல் வந்த பிரெஞ்சுத் தூதர் சிமோன் த லா லூபேர் சயாமியர் சாப்பாட்டை எழுதி வைத்திருக்கிறார். சோறு, மீன், தண்ணீரில் கொஞ்சம் மசாலாவும் பூண்டும் வாசனைத் தழையும் கலந்த எளிய குழம்பு, எல்லாவற்றுக்கும் மேல் அவர்கள் உயிராக மதிக்கும் கபி. அந்தக் கபிதான் இன்றுவரை மஸ்ஸமன் விழுதுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து எது வந்தாலும் உரலுக்குள் போய் இறால் விழுதோடு இடிபட்ட பிறகுதான் அந்த ஊர்ச் சட்டியில் ஏறியது என்பது என் கட்சி.

#7 குழம்புச்சட்டி

கட்சி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுப்பில் கறி பாதியில் நிற்கிறதே. அம்மிக்கல் அண்ணே, விழுது வதங்கிய பிறகு?

#8 அம்மிக்கல்

வதங்கிய விழுதில் கறியைப் போட்டு ஐந்து நிமிடம் புரட்டுங்கள். பிறகு எடுத்து வைத்த மெல்லிய பால் முழுவதும். முழு ஏலக்காய் இரண்டு, ஒரு துண்டு பட்டை, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை மூன்றில் ஒரு கப், எல்லாம் இப்போதே. வேர்க்கடலை மேலே தூவுகிற அலங்காரப் பொருள் இல்லை. குழம்பிலேயே வெந்து மெத்தென்று ஆகவேண்டும். கோழித்தொடைக்கு மெல்லிய கொதியில் 40 நிமிடம், ஆட்டுக்கறிக்கு ஒன்றரை மணி, மாட்டுக் காலிறைச்சிக்கு இரண்டு மணிக்கும் மேல். குக்கரில் போட்டால் கறி வேகும், ஆனால் எண்ணெய் மறுபடி குழம்பில் கலந்து கலங்கலாகிவிடும். கறியை மட்டும் குக்கரில் மெல்லிய பாலோடு வேகவைத்து எடுத்து, வதக்கிய விழுதில் சேர்ப்பது நல்ல வழி.

பெரிய துண்டாக வெட்டிய உருளை மூன்றும் முழுச் சின்ன வெங்காயம் எட்டும் கடைசி 20 நிமிடத்தில். உருளை முழுக்க வெந்த பிறகுதான் புளி. முன்பே ஊற்றினால் புளிப்பு உருளையை இறுகப் பண்ணிவிடும். எவ்வளவு நேரம் வெந்தும் கடிபடும் உருளை இருந்தால் காரணம் அதுதான்.

சுவை சேர்க்க: பனஞ்சர்க்கரை இரண்டரை மேசைக்கரண்டி, மீன் சாறு 3 மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி. முதலில் சர்க்கரை, அது கரைந்ததும் மீன் சாறு, கடைசியில் புளி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ருசி பார்த்து. நாக்கில் முதலில் இனிப்பு, உடனே உப்பு, பின்னால் மெல்லிய புளிப்பு. காரம் பின்வரிசையில். குழம்பு குருமாவைவிட நீர்த்திருக்கும், மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் எண்ணெய் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து வழித்து எறிந்தால் வாசம் அதோடு போய்விடும்.

தக்காளி, தயிர், முந்திரி, கசகசா, மஞ்சள், கறிவேப்பிலை இதில் எதுவும் கிடையாது.

#9 யாழ்_அடுப்படி

பனஞ்சர்க்கரைக்குக் கருப்பட்டி போடலாமோ எண்டு ஆரும் கேக்க முதல் சொல்லிவிடுறன்: போடலாம், ஆனால் குழம்பு கறுக்கும், புகை மணமும் வரும். தாய்லாந்தில பெட்சபுரி பக்கம் எடுக்கிறது எங்கட பனைதான், அதே மரம். பதநீரைக் காய்ச்சி, எங்களை மாதிரிக் கட்டியாகும் மட்டும் விடாமல் முன்னுக்கே இறக்கி, ஆற ஆற அடிச்சு வெளிர் நிறமாக்குவினம். அதாலதான் அது மெத்தெண்டு இருக்கும். கருப்பட்டி பாதி, சீனி பாதி போட்டால் நிறமும் தப்பும், ருசியும் கிட்டத்தட்ட வரும். சமுட் சொங்க்ராம் பக்கத்துச் சர்க்கரை தென்னம் பதநீரில எடுக்கிறது, அது இன்னும் வெளிர்.

அதே பெட்சபுரியில கனோம் மோ கேங் எண்டொரு பண்டம் இருக்கு. வட்டிலப்பம் சாப்பிட்டவைக்கு உடனே பிடிபடும்: முட்டை, பனஞ்சர்க்கரை, தேங்காய்ப்பால். வட்டிலப்பத்தை ஆவியில அவிப்பம், ஏலக்காய் போடுவம். அவை தணலில சுட்டு எடுப்பினம், ரம்பையை (பாண்டன் இலை) வைச்சுப் பிசைவினம், மேல வெங்காயப் பொரியல் தூவுவினம். வெங்காயமா எண்டு முகம் சுழிக்காதேங்கோ, அந்த இனிப்புக்கு அதுதான் எடுப்பு.

வாத்து முட்டை 5, பனஞ்சர்க்கரை 250 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் ஒண்டரைக் கப், வேகவைச்சு மசிச்ச பாசிப்பருப்பு 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. முட்டையையும் சர்க்கரையையும் போட்டு, கிழிச்ச ரம்பை இலை நாலைந்தைக் கையில பிடிச்சுக்கொண்டு சர்க்கரை கரையும் மட்டும் கசக்கிப் பிசையவேணும். இலை மணத்தையும் விடும், முட்டைச் சவ்வையும் அறுக்கும். பிறகு வடிச்சு, பால், பருப்புச் சேர்த்து, மெல்லிய தீயில கொஞ்சம் இறுகிற மட்டும் கிண்டித் தட்டில ஊத்துங்கோ. கிண்டாமல் ஊத்தினால் பருப்பு அடியில தங்கி இரண்டு தட்டாகப் பிரியும். ஓவனில 180 டிகிரியில 40 நிமிஷம். ஓரம் பொங்கி ஓட்டை ஓட்டையாக வந்தால் சூடு கூடிப்போச்சு.

#10 பழங்கணக்கு

மோ கேங்கையும் போர்த்துக்கீசிய வரவில்தான் சேர்ப்பார்கள். இந்த முட்டை இனிப்புகள் எல்லாவற்றையும் மரியா கியோமார் த பின்யா தலையில் ஏற்றுவது வழக்கம். நாராய் மன்னரின் (ஆட்சி 1656–1688) அரசவையில் கொடிகட்டிப் பறந்த கிரேக்கர் கோன்ஸ்டன்டைன் ஃபால்கோனின் மனைவி. ஜப்பானிய, போர்த்துக்கீசிய வழியினர். 1688-இல் ஃபால்கோன் கொல்லப்பட்ட பிறகு சிறைப்பட்டு, பின்னாளில் அரண்மனைச் சமையற்கட்டில் பொறுப்பு வகித்தார். ஆனால் போர்த்துக்கீசியர் அயுத்தயாவுக்கு வந்தது 1511-இல். அவர் பிறப்பதற்கு முன்பே ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே அவர்கள் குடியிருப்பு இருந்தது. அத்தனை காலம் அந்த வீடுகளில் ஒருவரும் முட்டையைப் பாகில் போடவில்லை என்றால் நம்பும்படி இல்லை. அவர் அவற்றை அரண்மனைக்குள் கொண்டுசேர்த்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

#11 பாகுப்பதம்

ஃபோய் தோங் (முட்டை நூல்) பற்றி யாரும் செய்முறையே சொல்லவில்லையே. பொருள் மூன்றுதான், வேலை மட்டும் கைப்பழக்கம்.

வாத்து முட்டை மஞ்சள் 5, கோழி முட்டை மஞ்சள் 5. வாத்து நிறத்துக்கும் இறுக்கத்துக்கும். அது மட்டும் போட்டால் நூல் விறைத்துப் போகும். முட்டையை உடைத்த பிறகு ஓட்டில் ஒட்டியிருக்கும் நீர்த்த வெள்ளையை விரலால் வழித்து ஒரு மேசைக்கரண்டி சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்காவிட்டால் கலவை தடித்துத் துளையில் சொட்டுச் சொட்டாக விழும், நூலாக ஓடாது. அதிகம் சேர்த்தால் நூல் பிய்ந்துபோகும்.

கலவையை அடிக்கவே கூடாது. கரண்டியால் மெல்லக் கலக்கி, மஸ்லின் துணியில் வடிகட்டுங்கள். சவ்வு ஒரு துணுக்கு நின்றாலும் துளை அடைக்கும், ஒரு குமிழ் நின்றாலும் நூல் அறும்.

பாகு: சர்க்கரை ஒரு கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், ரம்பை இலை மூன்று நான்கு. அகலமான பித்தளைச் சட்டி. பிசுக்குப் பதம் தாண்டி, ஒரு கம்பிப் பதம் வருவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். பாகு தளதளவென்று கொதித்து நுண்ணுரை எழும்போது, இரண்டு சிறு துளை உள்ள கூம்பில் (வாழையிலையைச் சுருட்டியும் செய்வார்கள்) கலவையை விட்டு, ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரே திசையில் இருபது முப்பது வட்டம் சுற்றுங்கள். திசை மாறினால் சிக்கு விழும், பிறகு மடிக்க வராது. ஒன்றிரண்டு நிமிடம் வெந்ததும் தீயைத் தணித்து, கூரான குச்சியால் தூக்கிப் பாகிலேயே அலசி, மடித்துச் சல்லடையில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் பாகு வற்றும். நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடினமாக வந்தால் பாகு முற்றிவிட்டது, கால் கப் வெந்நீர் விடுங்கள். நூல் பூத்துச் சிதறினால் பாகு இளசு, ஐந்து நிமிடம் காய்ச்சுங்கள்.

தோங் யிப் என்கிற இன்னொரு முட்டை இனிப்பு இதற்கு நேர்மாறு. அதே மஞ்சள்கருவை வெளிர் நிறம் வந்து நுரைத்துப் பொங்கும்வரை அடிக்க வேண்டும். பாகு கொதிக்கக் கூடாது. அசையாத பாகில் ஒரு கரண்டி ஊற்றினால் வட்டமாகப் பரவும். பிறகு தீ மூட்டி, திருப்பி வேகவிட்டு, சூட்டோடு ஐந்து மடிப்பாகக் கிள்ளிச் சின்னக் கிண்ணத்தில் வைத்தால் பூ வடிவம் நிற்கும். ஆறிவிட்டால் மடிப்பு நிற்காது, வெடிக்கும்.

#12 யாழ்_அடுப்படி

அக்கா, பத்து முட்டையின்ர வெள்ளையை என்ன செய்யிறது?

#13 பாகுப்பதம்

மலபார் முட்டமாலை செய்கிறவர்கள் செய்வதையே செய்யலாம். அதுவும் பாகில் ஓடவிட்ட மஞ்சள்கரு நூல்தான், இந்தக் குடும்பத்துப் பிள்ளை. மிஞ்சிய பாகில் ஒரு கப் எடுத்து, வெள்ளைக்கரு, கொஞ்சம் பால் பவுடர், ஏலக்காய் சேர்த்து அடித்து, தட்டில் ஊற்றி 20 நிமிடம் ஆவியில் வையுங்கள். பிஞ்ஞாணத்தப்பம் ஆகிவிடும்.

பாங்காக்கில் சாந்தா குரூஸ் தேவாலயத்தை ஒட்டிய குடி சின் பகுதியில் இன்னொரு வகை இருக்கிறது: கனோம் ஃபாரங். வாத்து முட்டை, சர்க்கரை, கோதுமை மாவு மட்டும். வெண்ணெய் இல்லை, பால் இல்லை, சோடா இல்லை. முட்டையை அடித்த காற்றில்தான் எழும்புகிறது. மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவார்கள். 1767-இல் அயுத்தயா விழுந்த பிறகு தக்சின் மன்னர் போர்த்துக்கீசிய வழியினருக்குக் கொடுத்த இடம் அது.

#14 சைவப்பந்தி

இறால் விழுது, மீன் சாறு இரண்டும் இல்லாமல் மஸ்ஸமன் செய்ய முடியுமா, இல்லை இழையை மூடிவிட்டுப் போகட்டுமா?

#15 பினாங்குக்காரன்

மூட வேண்டாம். அங்கே சைவத்தில் இரண்டு தரம் உண்டு. "ஜே" என்பது சீன வழி விரதச் சாப்பாடு. முட்டை, பால் மட்டுமில்லை, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் புக்கெட்டில் பெரிய விழாவே நடக்கும், கடைகளில் சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி பறக்கும். "மங்சவிரட்" என்பது பொதுவான மரக்கறி, அதில் முட்டையும் வெங்காயமும் வரலாம்.

வீட்டில்: கபிக்குப் பதில் சீனர் கொண்டுவந்த புளித்த சோயா அவரை விழுது (தாவ் ஜியாவ்) ஒரு மேசைக்கரண்டி, விழுதோடு சேர்த்து வதக்குங்கள். மீன் சாறுக்கு வெளிர் சோயா சாறு இரண்டு மேசைக்கரண்டியும் உப்பும். பரங்கிக்காய், பொரித்த டோஃபு, உருளை. டோஃபுவை முதலில் பொரிக்காமல் போட்டால் குழம்பைக் குடிக்காது. கடையில் வாங்கும் மஸ்ஸமன் விழுதில் பெரும்பாலும் இறால் இருக்கும், உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

#16 குழம்புச்சட்டி

சரி, மிளகாய் வருவதற்கு முன்னால் காரத்துக்கு என்ன செய்தார்கள்? அந்தக் காலச் சமையல் ஏதாவது இன்னும் அடுப்பில் இருக்கிறதா?

#17 அம்மிக்கல்

மிளகு, திப்பிலி, இஞ்சி, பேரரத்தை. போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் மிளகாய் வந்த பிறகும் மிளகு முழுக்க வெளியேறவில்லை. சாட்சி: கேங் லியாங். மிளகாய் இல்லை, தேங்காய் இல்லை, எண்ணெய் இல்லை. தாய்ப்பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பதில் நம் பத்தியக் குழம்புக்கு அக்கா தங்கை.

வெள்ளை மிளகு 1 தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 6, கபி 1 தேக்கரண்டி, ஊறவைத்த காய்ந்த இறால் 2 மேசைக்கரண்டி. நன்றாக இடித்து, கொதிக்கும் தண்ணீர் 4 கப்பில் கரையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன் கரைத்தால் கவிச்சி அடிக்கும். விரல் விரலாக நீளும் கிராச்சாய்க் கிழங்கு மூன்று நான்கைத் தட்டிப் போடலாம், கிடைத்தால். பரங்கி முதலில், பிறகு பீர்க்கங்காய், காளான், இளஞ்சோளம். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை வாசம் வரும் துளசி வகை ஒரு கைப்பிடி. நம் துளசி போட்டால் கஷாயம் ஆகிவிடும். உப்புக்கு மீன் சாறு ஒரு கரண்டி. பரங்கியும் இளஞ்சோளமும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு என்பதைக் கட்சி நடத்துகிறவர்கள் கவனிக்கவும்.

#18 பழங்கணக்கு

கவனித்தேன். என் கட்சிக்கு அது பலம்தான். விழுது பழசு, காய் புதுசு.

#19 பினாங்குக்காரன்

ஆனால் உரல் வாதம் சீனச் சமையலுக்குப் பொருந்தாது. பாங்காக்கில் தெருவில் சாப்பிடுவதில் பாதி வாணலிதான், உரலே கிடையாது. நூடுல்ஸ், பொரித்துக் கிளறுவது, சோயா சாறு, டோஃபு, எல்லாம் சீனக் குடியேறிகள், பெரும்பாலும் தென் சீனத்துத் தியோச்சியூ மக்கள். ஹைனான் வழிக் கோழிச்சோறு அப்படியே காவ் மன் காய். தொட்டுக்கொள்ளும் சாறில் மட்டும் மிளகாய் கூடும்.

பாட் தாய் இன்னும் புதுசு. பிரதமர் பிபுன்சொங்க்ராம் ஆட்சியில் 1940-களில் நாட்டு உணவாகத் தூக்கிப் பிடித்தது. வாணலியும் அரிசி நூடுல்ஸும் சீனம், புளி, பனஞ்சர்க்கரை, மீன் சாறு உள்ளூர். மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் காய்ச்சி வைத்துக்கொள்ள வேண்டும். நூடுல்ஸை வெந்நீரில் போடாதீர்கள். சாதாரணத் தண்ணீரில் 40 நிமிடம், வளையும் ஆனால் வேகாத பதம். மிச்சத்தைச் சாறு வாணலியில் வேகவைக்கும். ஒரு தடவைக்கு இரண்டு தட்டுக்கு மேல் போட்டால் வாணலி சூடிறங்கி, நூடுல்ஸ் கூழாகும்.

இன்னொரு வேடிக்கை, பூ பட் பொங் கரீ. நண்டை இங்கிலீஷ்காரன் வழி வந்த கறித்தூள், டப்பாப் பால், சீனச் செலரி, முட்டை, மிளகாய் விழுது போட்டுப் பிரட்டுவது. நண்டு, முட்டை, மிளகாய் விழுது தவிர மற்றது எதுவும் உள்ளூர் இல்லை. அதைச் சீனம் என்றோ இந்தியம் என்றோ யாரும் சொல்வதில்லை.

#20 பழங்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், வாணலி தனி வழி. வடக்கில் அதுவும் இல்லை: சியாங் மாயின் காவ் சோய் நூடுல்ஸ் தென்மேற்குச் சீனத்து யுன்னான் முஸ்லிம்களும் பர்மாவும் சேர்ந்த கை, சென்னையில் பர்மாத் தமிழர் கடைகளில் கௌஸ்வே சாப்பிட்டவர்களுக்கு உறவு தெரியும். கேங் ஹங் லே பர்மா வழிப் பன்றிக் குழம்பு: இஞ்சியும் ஊறுகாய்ப் பூண்டும் நிறைய, தேங்காய்ப்பால் சொட்டுகூட இல்லை. உரல் வாதத்தை மத்திய தாய்லாந்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

#21 குழம்புச்சட்டி

கடைசியாக ஒன்று. மஸ்ஸமனுக்குத் தொட்டுக்கொள்ள என்ன? மிஞ்சினால் மறுநாள் எப்படிச் சூடு பண்ணுவது?

#22 அம்மிக்கல்

தொட்டுக்கொள்ள அஜாட், குச்சியில் சுட்ட சாத்தே கறிக்கு வைக்கும் அதே வெள்ளரி ஊறல். வினிகர் அரைக் கப், சர்க்கரை அரைக் கப், உப்பு ஒரு தேக்கரண்டி கரையும்வரை காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு, பரிமாறும் நேரத்தில் மெல்லிசாக நறுக்கிய வெள்ளரி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் மேல் ஊற்றுங்கள். சூட்டோடு ஊற்றினால் வெள்ளரி துவளும்.

மஸ்ஸமன் மறுநாள்தான் நன்றாக இருக்கும். குளிர்பெட்டியில் மேலே கொழுப்பு உறைந்து நிற்கும், அதைக் கலக்காமல் மெல்லிய தீயில் ஏற்றுங்கள், தானாக உருகும். உருளை இரவில் குழம்பைக் குடித்துக் கெட்டியாக்கியிருக்கும், கால் கப் வெந்நீர் விட்டு மறுபடி ருசி பாருங்கள், பெரும்பாலும் அரைக் கரண்டி புளி தேவைப்படும். விழுதாக எடுத்து வைப்பதானால் வதக்கிய பிறகு, பிரிந்த எண்ணெயோடு சேர்த்து, ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் அடையுங்கள். உறைபெட்டியில் இரண்டு மாதம் தாங்கும். வதக்காத விழுதைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வெங்காயம் புளித்துவிடும்.